ஏழாம் பாத்தியில ஒண்ணுமில்லை

உள்ளயா போறீங்க? போங்க, போங்க. டிக்கெட் அந்தப் பச்சைக் கூண்டுல. ஆனா கொஞ்சம் பொறுத்துப் போனா நல்லது, இந்தச் சாரல் பத்து நிமிஷத்துல விட்டுடும். உக்காருங்க சார். பெஞ்சு ஈரமில்லை, நான் துடைச்சு வச்சிருக்கேன்.

நானா? நான் உள்ள போறதில்லை. முப்பத்தோரு வருஷம் இந்தக் கேட்டு வழியா காலையில ஏழு மணிக்கு உள்ள போயி சாயங்காலம் அஞ்சுக்கு வெளிய வந்தவன். ரிட்டயர் ஆகி ரெண்டு நாள் கழிச்சு, சும்மா ஒரு நடை போயிட்டு வரலாம்னு போறேன், கேட்டுல புதுசா ஒரு செக்யூரிட்டி கையை நீட்டி "டிக்கெட்?"ங்கறான். என்கிட்ட! "நான் யார் தெரியுமா?"ன்னேன். "யாரா இருந்தாலும் டிக்கெட் எடுத்துட்டு வாங்க பெரியவரே"ங்கறான். பெரியவராம். அவன் நிழலுக்கு ஒதுங்கி நிக்கிற சைப்ரஸ் மரம் நான் நட்டது. அப்படியே திரும்பினவன்தான். இப்ப ஜூலை. தினம் வந்து இந்த பெஞ்சுல உக்காருவேன், பஸ் பார்ப்பேன், வீட்டுக்குப் போவேன்.

என் பேர் ஞானப்பிரகாசம். ஹெட் மேஸ்திரி. ஹெட் மேஸ்திரியா இருந்தேன்.

பையில என்ன பார்க்கறீங்க? குடை, டிபன் டப்பா. பேப்பர் சுத்தி நீட்டிக்கிட்டு இருக்கறது ஒரு குச்சி. இங்க நாய்த் தொல்லை ஜாஸ்தி சார்.

உள்ள பார்க்க நல்லா இருக்குமான்னு கேட்டீங்கல்ல? நல்லா இருக்கும். புல்தரை இருக்கு, போட்டோ எடுக்க மயில் மாதிரி வெட்டின செடி இருக்கு, இப்ப புதுசா காபிக் கடை வேற. ஆனா அதெல்லாம் பூங்கா. இது தாவரவியல் பூங்கா. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டுத்தான் எல்லாரும் வர்றாங்க. பூங்கான்னா பூ அழகா இருந்தா போதும், வாடினா பிடுங்கிட்டு வேற வைக்கலாம். இங்க அப்படி முடியாது. ஒரு செடி உள்ள வந்தா அதுக்கு ஒரு நம்பர், ஒரு தகடு, பெரிய ரிஜிஸ்டர்ல ஒரு வரி. எந்தக் காட்டுல எடுத்தது, எந்த வருஷம், யார் கொண்டாந்தது, எல்லாம் எழுதணும். செத்துப்போனாலும் தூக்கி எறிய முடியாது. ஆமா, செத்துடுச்சுன்னு கமிட்டி கையெழுத்துப் போடணும். மனுஷன் செத்தா விஏஓ ஒருத்தர் சொன்னா போதும். செடி செத்தா ஒன்பது பேர் சொல்லணும். சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

அந்தக் கமிட்டிதான் சார் இந்தத் தோட்டத்தை ஆளுது. கலெக்டர் தலைவர், அவர் வரமாட்டார், ஆள் அனுப்புவார். துறை அதிகாரி ஒருத்தர், எங்க சூப்பிரண்டு, காலேஜ் பாட்டனி புரொபசர், நகராட்சியில ஒருத்தர், ஹோட்டல்காரங்க சங்கத்துல ஒருத்தர், இன்னும் ரெண்டு பெரிய மனுஷங்க. ஒன்பதாவது ஆள் தொழிலாளர் பிரதிநிதி. யாருன்னு நினைக்கிறீங்க? எட்டு வருஷம் நான்தான். மேஜை மேல பேர்ப்பலகை வச்சிருப்பாங்க, நீலத்துல வெள்ளை எழுத்து, 'திரு. அ. ஞானப்பிரகாசம்'. முந்திரி பிஸ்கெட் வரும். டீ சாசரோட வரும். மண்வெட்டி பிடிச்ச கை, முதல் வருஷம் பாதி டீயைச் சாசர்லயே சிந்துவேன். அப்புறம் பழகிடுச்சு. அந்தப் பலகை இப்ப எங்க வீட்டு டிவி மேல இருக்கு. ரோஸ்லின், என் சம்சாரம், அதைத் துடைக்கவே மாட்டேங்கறா. நான்தான் துடைக்கிறேன்.

மத்தவங்க பேசுவாங்க, நான் கை தூக்குவேன். எதுக்குன்னு கேட்காதீங்க. சூப்பிரண்டு என்னைப் பார்த்து லேசா தலையாட்டுவார், நான் தூக்குவேன். அப்படித்தான் ஒரு தோட்டம் நடக்கும். ஒன்பது பேரும் ஒன்பது திசையில இழுத்தா என்ன ஆகறது?

சரி, குச்சி விஷயத்துக்கு வர்றேன். இந்தக் குச்சி இல்லை. தோட்டத்துக் குச்சி.

எங்க தோட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. சில செடி வருஷம் முழுக்க மேல இருக்காது சார். மழை நின்னா இலையெல்லாம் காஞ்சு விழுந்துடும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ள தூங்கும். பாத்தியைப் பார்த்தா வெறும் மண்ணு. தெரியாதவன் மண்வெட்டியைப் போட்டுடுவான். அதனால தூங்குற ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு மூங்கில் குச்சி குத்தி வைப்போம், தலையில வெள்ளை பெயிண்ட். வெள்ளைத் தலைன்னா உள்ள உசுரு இருக்கு, தொடாதேன்னு அர்த்தம். சிவப்புத் தலைன்னா செத்துடுச்சு, கமிட்டி வந்து பார்க்கணும்னு அர்த்தம். ரிஜிஸ்டர்ல எழுதினது ஆபீசுக்கு, குச்சி எங்களுக்கு. குச்சி சீவுறது நான்தான். நான் இடதுகைக்காரன், கத்தி இடப்பக்கமா சரியும். என் குச்சி முனையெல்லாம் ஒரே பக்கம் சாஞ்சிருக்கும். "மேஸ்திரி அண்ணே குச்சிக்குக் கையெழுத்தே வேணாம்"னு தெய்வானை கிண்டல் பண்ணுவா.

தெய்வானையா? நர்சரிக்காரி. சிலோன்லருந்து வந்த குடும்பம், தினக்கூலியா சேர்ந்து இருபது வருஷம், இன்னமும் தினக்கூலிதான். வாய் கொஞ்சம் நீளம். ஆனா கை இருக்கே, அந்தக் கைக்கு எதுவும் முளைக்கும், அதை நான் மறுக்க மாட்டேன். பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி மலைப்பாதையை அகலப்படுத்தினாங்க. ஜேசிபி வெட்டின மண்ணுல கிழங்கு கிழங்கா கொட்டிக் கிடக்கு, லாரியில அள்ளிட்டுப் போறான். இவ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சாக்கோட போயி அந்த மண்ணைக் கிளறி எடுத்தா. தரையில வர்ற ஆர்க்கிட் சார் அது. எங்க ஆளுங்க கொக்குப்பூம்பாங்க. வெள்ளையா, ஒல்லியா, கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கும். அந்தச் சரிவுல இப்ப ஒண்ணுகூட இல்லை, எல்லாம் ரோடு. இருந்தது எங்க ஏழாம் பாத்தியில மட்டும்தான். நாப்பத்து மூணு. புரொபசர் வந்து பார்த்துட்டு, "அம்மா, நீங்க செஞ்சது பெரிய காரியம்"னு கும்பிட்டார். என்னைப் பார்த்தும் கும்பிட்டார், நான் பக்கத்துல நின்னேன்ல.

இப்ப கேளுங்க. போன வருஷக் கடைசியில சுதர்சனம் சார் என்னை ரூமுக்குக் கூப்பிட்டார். அவர்தான் சூப்பிரண்டு. நல்ல மனுஷன்னு நினைச்சேன். கதவைச் சாத்திட்டு, "உக்காருங்க ஞானம்"னார். ஞானம்! வேற யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. விஷயம் என்னன்னா, தோட்டம் கட்டுப்படி ஆகலை. நீங்க எடுக்கப் போற டிக்கெட் காசு இங்க தங்காது சார், நேரா கருவூலத்துக்குப் போயிடும். அங்கருந்து திரும்பி வர்றதுக்குள்ள கண்ணாடி வீட்டுல மழை ஒழுகி பாதி செடி அழுகிடும். பைப் உடைஞ்சா ஆறு மாசம் குடத்துல தண்ணி தூக்கியிருக்கோம். அதனால வெளியூர் கம்பெனி ஒண்ணு வருது, பராமரிப்பை எடுத்துக்கும், பதிலுக்கு உள்ள ஒரு காபிக் கடை போட்டுக்கும். எல்லாத்துக்கும் நல்லதுன்னார்.

"எங்க சார் போடுவாங்க?"ன்னேன்.

"ஏழாம் பாத்தி இருக்கற இடம்தான் வாகா இருக்கு. பள்ளத்தாக்கு தெரியுது."

அங்கதான் சட்டம் இடிக்குது. செடி இருக்கற பாத்தியைக் குத்தகைக்குக் குடுக்க முடியாது. காலி இடம்னு கமிட்டி சொன்னாத்தான் குடுக்கலாம். சுதர்சனம் சார் என்னைப் பார்த்தார். அந்தத் தலையாட்டு. "பிப்ரவரியில கமிட்டி பார்வைக்கு வரும் ஞானம். அப்ப அந்தப் பாத்தி எப்படி இருக்கும்?"

"மண்ணாத்தான் சார் இருக்கும். தூங்குற நேரம்."

"அப்ப பிரச்சனை இல்லை. மழைக்கு முன்னாடி கிழங்கையெல்லாம் வேற பாத்திக்கு மாத்திடலாம். நீங்கதான் மேற்பார்வை. ரிட்டயர் ஆனதும் கம்பெனியில உங்களை சூப்பர்வைசரா போடச் சொல்லியாச்சு. தொப்பி, வாக்கிடாக்கி எல்லாம் குடுப்பாங்க."

மாத்திடலாம்னு சொன்னார் சார். அவர் வாயால சொன்னார். அதை நம்பினது என் தப்பா?

பிப்ரவரி பத்தாம் தேதி வந்து, "நாளைக்குக் கமிட்டி வருது, அந்தக் குச்சியெல்லாம் பார்க்க அசிங்கமா இருக்கு, எடுத்துடுங்க"ன்னார். எடுத்தேன். இதுல என்ன இருக்கு? வீட்டுக்கு விருந்தாளி வந்தா கூட்டிப் பெருக்க மாட்டோமா? மத்த பாத்தியில எடுக்கலையான்னு கேட்பீங்க. அங்கெல்லாம் அசிங்கமா இல்லை. தெய்வானை அன்னைக்கு இல்லை, மகளுக்கு வளைகாப்பு, மேட்டுப்பாளையம் போயிட்டா. அவ ஒருநாள்தான் லீவு கேட்டா. நான்தான், "முதல் பேரன் வரப்போறான், மூணு நாள் இருந்துட்டு வாம்மா"ன்னு அனுப்பினேன். அப்படி மனசுள்ளவன் சார் நான். நாப்பத்து மூணு குச்சியையும், கூட இருந்த தகட்டையும் நானே பிடுங்கி, சணல்ல கட்டி, சைக்கிள்ல வச்சு வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன்.

மறுநாள் எல்லாரும் வந்தாங்க. ஏழாம் பாத்தியில நின்னாங்க. மண்ணு சுத்தமா, தண்ணி தெளிச்சு, பார்க்கவே அம்சமா இருந்துச்சு. புரொபசர் மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, "இங்க முன்னாடி என்னமோ இருந்துச்சே, மேஸ்திரி?"ன்னார். அவருக்கு வயசாயிடுச்சு, ஞாபகம் பத்தலை. எல்லாரும் என்னைப் பார்க்கறாங்க. நான் சொன்னேன், "மண்ணுக்கு மேல ஒண்ணுமில்லைங்க ஐயா."

இதுல ஒரு வார்த்தை பொய்யா? நீங்களே சொல்லுங்க. மண்ணுக்கு மேல ஒண்ணுமில்லை. மண்ணுக்குக் கீழன்னு அவர் கேட்கலை, நான் சொல்லலை. "மேஸ்திரி சொன்னா சரிதான்"னார் புரொபசர். பாத்தி காலி, ரிஜிஸ்டர்ல இருக்கற வரியைச் செத்துடுச்சுன்னு அடிச்சுடலாம்னு மீட்டிங்ல எல்லாரும் கை தூக்கினாங்க. நானும் தூக்கினேன். முந்திரி பிஸ்கெட் அன்னைக்கு ரெண்டு ரவுண்டு வந்துச்சு.

தெய்வானை வந்ததும் நேரா என்கிட்டதான் வந்தா. "அண்ணே, ஏழாம் பாத்தி குச்சியெல்லாம் எங்க?"

"பெயிண்ட் உரிஞ்சு போச்சு. புதுசா அடிக்கலாம்னு எடுத்தேன்."

"நல்லதாப் போச்சு அண்ணே. நானே சொல்லணும்னு இருந்தேன்"னுட்டு, வளைகாப்புப் பலகாரம் ஒரு டப்பா குடுத்தா. அதிரசம். நல்லா இருந்துச்சு.

ஏப்ரல் இருபதாம் தேதி ஜேசிபி உள்ள வந்துச்சு. நான் ஆபீஸ் ரூம்ல இருந்தேன், என் பிரிவு உபசார விழாவுக்கு பேனர் வாசகம் பார்த்துக்கிட்டு. ஜன்னல் வழியா தெரியுது. தெய்வானை ஓடி வர்றா, செருப்பு ஒண்ணு எங்கயோ போச்சு, ஜேசிபிக்கு முன்னாடி மண்ணுல உக்காந்துட்டா. உக்காந்து கையால தோண்டுறா. மண்வெட்டி இல்லை, கரண்டி இல்லை, வெறும் நகம். கிழங்கை எடுத்து எடுத்து முந்தானையில போடுறா. கம்பெனி ஆளுங்க வந்து ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தூக்கினாங்க. அவ ஆபீஸ் ஜன்னலைப் பார்த்து, "அண்ணே! மேஸ்திரி அண்ணே!"ன்னு கத்துறா.

நான் போய் என்ன பண்றது? ஆர்டர் ஆர்டர்தான். சுதர்சனம் சாரைத் திரும்பிப் பார்த்தேன். "மாத்திடலாம்னீங்களே சார்?" "டைம் இல்லை ஞானம்"னுட்டு பேனர்ல என் பேருக்கு முன்னாடி 'உயர்திரு' போடலாமா 'திரு' போதுமான்னு கேட்டார். அவ முந்தானையில மண்ணோட மண்ணா நசுங்கினதுதான் பாதி. ஒன்பது கிழங்கு தேறுச்சுன்னு அப்புறம் கேள்விப்பட்டேன். அதையும் கம்பெனி வெளிய போடச் சொல்லிடுச்சு, ரிஜிஸ்டர்ல இல்லாத செடியாம். கமிட்டிதான் அந்த வரியை அடிச்சாச்சே.

இப்ப என் கதையைக் கேளுங்க, இதுதான் முக்கியம். ஏப்ரல் இருபத்தெட்டு, விழாவுக்கு ரெண்டு நாள் இருக்கு, சுதர்சனம் சாருக்கு வேற ஜில்லாவுக்கு மாத்தல். சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டார். போன் அடிச்சா எடுக்கறதில்லை. கம்பெனி ஆபீசுக்குப் போனேன். "அம்பத்தெட்டு வயசுக்கு மேல எடுக்கறதில்லைங்க"ன்னு ஒரு பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே சொல்லுது. தொப்பியும் இல்லை, வாக்கிடாக்கியும் இல்லை. முதுகுல குத்திட்டாங்க சார். முப்பத்தோரு வருஷம்!

அதுகூடப் பரவாயில்லை, அவங்க அதிகாரிங்க, அப்படித்தான் இருப்பாங்க. நம்ம ஆளுங்க பண்ணினதை நினைச்சாத்தான் வயிறு எரியுது. முப்பதாம் தேதி விழா. இருபத்தாறு நாற்காலி போட்டு வச்சேன், இருபத்தாறு தினக்கூலி ஆளுங்க, எல்லாம் நான் சேர்த்துவிட்டவங்க. கேசரி, போண்டா, எல்லாம் என் செலவு. ஒருத்தர் வரலை. ஒரே ஒருத்தர் வரலை சார்! ரோஸ்லினும் ஆபீஸ் பியூனும்தான். பியூன் சால்வையைப் போர்த்திட்டு, போண்டாவை எடுத்துக்கிட்டு, டைப்பிஸ்ட் கூப்பிடறாங்கன்னு போயிட்டான். ரோஸ்லின் அந்தக் காலி நாற்காலியையெல்லாம் ஒவ்வொண்ணா மடிச்சு வச்சா. அந்த வாரம்தான் கம்பெனி பதினஞ்சு பேரை நிறுத்தியிருந்துச்சு, அந்தக் கோபமாம். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நானும்தான் வீட்டுக்குப் போனேன்.

தெய்வானையை வச்சுக்கிட்டாங்க. என்ன வேலைன்னு கேளுங்க. காபிக் கடையில பேப்பர் கப் பொறுக்குற வேலை. ஏழாம் பாத்தி மேலயே. அப்பவாவது சும்மா இருக்கணுமா இல்லையா? திங்கக்கிழமை திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுல மனு. "அங்க செடி இருந்துச்சு, வெள்ளைக்குச்சி இருந்துச்சு, மேஸ்திரி எடுத்துட்டார்"னு என் பேரை எழுதிக் குடுத்திருக்கா. என் பேரை! பலகாரம் குடுத்த கையால! எட்டு வருஷம் அவளுக்காகக் கமிட்டியில உக்காந்தவன் நான். இப்ப ஆளுங்க எல்லாம் சேர்ந்து அவளைத்தான் பிரதிநிதியாக்கணும்னு எழுதியிருக்காங்க. என் நாற்காலி சார் அது.

மேலருந்து எனக்கு ஒரு கடிதாசி வந்துச்சு. ஏழாம் பாத்தியில ஓய்வுநிலைச் செடிகளுக்கான குச்சிகள் வைக்கப்பட்டிருந்தனவா? ஒரே கேள்வி. நான் ஒரே வரியில பதில் எழுதினேன். 'அப்படி எதுவும் வைக்கப்படவில்லை.' எழுதி, கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன். வேற என்ன எழுதுறது? பென்ஷன் பேப்பர் இன்னும் அவங்க மேஜையிலதான் கிடக்கு. இருந்துச்சுன்னு எழுதினா அது அங்கயே கிடக்கும். அவகிட்ட எந்த அத்தாட்சியும் இல்லை. வியாழக்கிழமை புது அதிகாரி நேர்ல வந்து பார்க்கறார், பார்த்துட்டு, ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டுப் போயிடுவார். முடிஞ்சுது.

முடிஞ்சிருக்கணும். ஞாயித்துக்கிழமை ரோஸ்லினோட அக்கா குடும்பம் ஊர்லருந்து வந்துச்சு, எல்லாருமா தோட்டம் பார்க்கப் போனாங்க. நான் போகலை. திரும்பி வந்து ரோஸ்லின் அடுப்படியில நின்னுக்கிட்டே சொல்றா, "காபிக் கடைக்குப் பின்னாடி குழாய் இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல ரெண்டு கல்லுக்கு நடுவுல உங்க கொக்குப்பூ தலை நீட்டுது. மூணு இலை."

நான் நம்பலை. ஜேசிபி போட்டு, ஜல்லி போட்டு, பிளாக் கல்லு பதிச்சிருக்கான் சார். அந்த மூலையில குழாய் இருக்கறதால சரியா பதிக்கலையாம். ஜூன் மழை பெஞ்சதும் எந்திரிச்சிருக்கு. ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்லை. மூணு இலை, மூணு இலைன்னே மனசு ஓடுது. மூணு இலை விட்டா அந்த வருஷமே பூத்துடும். ரெண்டு இலைன்னா பூக்காது. நாலு வருஷம் வளர்ந்த கிழங்குதான் மூணு இலை விடும்.

தெய்வானை இன்னும் பார்க்கலை போல. பார்த்திருந்தா ஊரைக் கூட்டியிருப்பா. வியாழக்கிழமைக்குள்ள பார்த்துடுவா. அந்த அதிகாரியும் பார்த்துடுவார். அப்புறம் நான் எழுதின அந்த ஒரு வரி...

அதனாலதான் சார் உங்களை உக்கார வச்சேன். கோச்சுக்காதீங்க. நான் உள்ள போக முடியாது. டிக்கெட்டுக்காக இல்லை, கேட்டுல கேமரா வச்சிருக்கான். என் மூஞ்சி அதுல விழக்கூடாது. ரோஸ்லின்கிட்ட கேட்டேன். என் மூஞ்சியையே பார்த்தா. சோத்தைப் போட்டு வச்சுட்டு எழுந்து போயிட்டா. நீங்க வெளியூர். ஒரு காபி வாங்கிக்கிட்டு அப்படியே குழாய்ப் பக்கம் போங்க. கை கழுவற மாதிரி குனிங்க. இலையை மட்டும் சார். மூணு இலையையும் சேர்த்துப் பிடிச்சு, மண் மட்டத்துல நகத்தால கிள்ளிடுங்க. இழுக்கக் கூடாது, இழுத்தா கிழங்கும் சேர்ந்து வந்துடும். கிழங்குக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, அதைச் சொல்லிட்டேன். கிள்ளினா மறுபடி தூங்கிடும். அடுத்த வருஷம் வந்துக்கட்டும். அதுக்குள்ள விசாரணை முடிஞ்சு, என் பேப்பரும் நகர்ந்திருக்கும். யாருக்கும் நஷ்டமில்லை. செடிக்கும் நஷ்டமில்லை.

என்ன சார், இப்படிப் பார்க்கறீங்க? ரோஸ்லினும் இப்படித்தான் பார்த்தா.

ஒரு இலைதானே சார். மூணு இலை. நான் என் வாழ்க்கையில எத்தனை லட்சம் இலை கிள்ளியிருப்பேன்.

எழுந்துட்டீங்க. சரி. போங்க. நீங்களும் அவ்வளவுதான். பெஞ்சைத் துடைச்சுக் குடுத்தேன், கதையெல்லாம் கேட்டீங்க, கேட்டுட்டு நீங்களும் எழுந்து போறீங்க. எனக்கு இது புதுசில்லை. போங்க.

மழையும் விட்டுடுச்சு. அதோ பாருங்க, டூர் பஸ். ஒண்ணில்லை, ரெண்டு. இறங்குனா நேரா காபிக் கடைதான். நூறு பேர் இருப்பாங்க. குழாய்கிட்டதான் வரிசையா நிப்பாங்க, கை கழுவ. ஈர ஷூ. எவனாவது கீழ பார்ப்பானா? பார்க்க மாட்டான். கல்லு இடுக்குல என்னமோ புல்லுன்னு மிதிச்சுட்டுப் போவான். மிதிச்சா கிள்ளுற மாதிரி இல்லை சார். குருத்து நசுங்கி, ஈரம் இறங்கி, கிழங்கு அழுகிடும். நாலு வருஷக் கிழங்கு. அது ஒண்ணுதான் இருக்கு. அந்தச் சரிவு பூராவும் தேடினாலும் வேற இல்லை.

சார்! சார், நில்லுங்க. ஒரு நிமிஷம்.

கிள்ள வேணாம். விடுங்க, நான் சொன்னதை விடுங்க. இந்தாங்க, இதைப் பிடிங்க. பேப்பரைப் பிரிச்சுடுங்க. நாய்க்கா? நாய் எங்க சார் இருக்கு இங்க. ரெண்டு நாளா பையிலயே கிடக்கு, எதுக்கு எடுத்து வச்சேன்னு எனக்கே தெரியலை. மத்ததெல்லாம் வீட்டுல பரண்ல இருக்கு, பெயிண்ட் அடிச்ச குச்சி, அடுப்புல வச்சா நாத்தம் அடிக்கும்னு எரிக்கலை. வெள்ளைத் தலை மேல தெரியற மாதிரி குத்துங்க. செடிக்கு நாலு விரக்கடை தள்ளி, குழாய்ப் பக்கமா இல்லை, இந்தப் பக்கமா. கிட்டக் குத்தினா கிழங்குல இறங்கிடும். கல்லு இடுக்குல போகலைன்னா கொஞ்சம் திருகுங்க, இறங்கும். நல்லா சீவியிருக்கேன்.

யார் குடுத்தாங்கன்னு அவ கேட்க மாட்டா. அந்தச் சீவலைப் பார்த்தாலே போதும் அவளுக்கு. அதிகாரி பார்த்தா, அதை வியாழக்கிழமை பார்த்துக்கலாம்.

ஓடுங்க சார், பஸ் கதவைத் திறந்துட்டான். டிக்கெட் அந்தப் பச்சைக் கூண்டுல.